மழைக் கட்டணம்

முப்பத்தெட்டு நிமிடம் என்கிறது கைபேசி. ஒரு ப்ளேட் இடியாப்பத்துக்கு முப்பத்தெட்டு நிமிடம். எனக்குப் பசியில்லை. குமுதவல்லிக்கும் பசியில்லை. பதினொன்றரைக்கே இரண்டு பேரும் ரசம் சோறு சாப்பிட்டாயிற்று. நான் வைத்த ரசம், அதை ரசம் என்று இந்த வீட்டில் நான் மட்டும்தான் சொல்கிறேன். தோள்பட்டை இறுகிப்போனதிலிருந்து அவளால் கரண்டியைப் பிடித்துக் கிளற முடிவதில்லை. "நாப்பத்தாறு வருஷம் கிளறியாச்சு, இனிமே நீங்களாச்சு அந்த ஃபோனாச்சு" என்று சொல்லிவிட்டு அடுக்களையை விட்டு வெளியே வந்தவள்தான், அதற்குப் பிறகு குடிக்கத் தண்ணீர் எடுக்கத்தான் உள்ளே போகிறாள். இப்போது ஃபேனுக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை, மூச்சு விடுகிற விதத்திலேயே எனக்குத் தெரியும். யாருக்கு இந்த இடியாப்பம் என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருக்கிறேன். இடியாப்பம் ஐம்பது ரூபாய். டப்பாவுக்குப் பன்னிரண்டு. கொண்டு வர முப்பத்தொன்று. ஆப்பைத் திறந்து பார்த்த பாவத்துக்குப் பத்து. சின்ன ஆர்டர் என்பதால் இருபது. பெரிய ஆர்டராகப் போட்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வரியோடு நூற்று முப்பத்தேழு. போகட்டும். இன்றைக்கு நான் வாங்கியது இடியாப்பம் இல்லை, ஒரு ஜன்னல். ஏதாவது ஒரு ஆர்டர் வழியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த ஆப்பில் 'உதவி' என்கிற ஜன்னல் திறக்கும். பழைய ஆர்டரைத் தொட்டால் எழுதியதைப் படிக்கலாம், புதிதாக ஒன்றும் எழுத முடியாது, 'இந்தப் புகார் தீர்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்க்கப்பட்ட புகாரைத்தான் நான் பிரித்துப் போட வேண்டும், இரண்டு மணிக்குள். இப்போது பன்னிரண்டு இருபத்திரண்டு.

காலையில் பால் வாங்கக் கீழே போனபோது வாட்ச்மேன் துரைக்கண்ணு பிடித்துக்கொண்டான். "சார், நம்ம ராயப்பன் தெரியும்ல? சாப்பாடு கொண்டு வர்றவரு, இடது கால் சாய்ச்சு நடப்பாரே." தெரியாமல் என்ன. "அவரு ஐடியைப் பிளாக் பண்ணிட்டாய்ங்க சார். யாரோ ஒரு புண்ணியவான் சாப்பாடே வரலைன்னு எழுதிப் போட்டுட்டானாம். வழியிலேயே தூக்கிட்டுப் போயிட்டாருன்னு." பால் பாக்கெட் என் கையில் குளிர்ந்துகொண்டே இருந்தது, வேர்த்து அதன் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. "எப்பப்பா?" என்றேன். "போன சனிக்கிழமை. அன்னைக்கு இருபத்தோரு வீட்டுக்குப் போயிருக்காரு. எந்த வீடுன்னு கம்பெனி சொல்லாதாம். எழுதின ஆளே ஏழு நாளைக்குள்ள நேர்ல வந்தோ ஆப்புலயோ தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டாத்தான் ஐடி திரும்புமாம். இன்னைக்குத்தான் சார் கடைசி நாள். ரெண்டு மணிக்குக் காளவாசல் ஆபீஸைச் சாத்திருவான்." அடடா, என்றேன். அந்த அடடாவை எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் உச்சந்தலை கூசுகிறது. முதல் எழுத்தில் அதிர்ச்சி, நடுவில் இரக்கம், கடைசியில் உலகம் இப்படி ஆகிவிட்டதே என்கிற இழுவை, எல்லாம் சரியான அளவில். அதோடு நிறுத்தினேனா? "எவனா இருந்தாலும் அவன் உருப்பட மாட்டான்யா" என்றேன். துரைக்கண்ணு தலையை ஆட்டினான். என்னையே நான் சபித்துவிட்டு, பாலைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டில் ஏறி, மூன்றாவது மாடிக்கு வந்தேன்.

காளவாசல் ஒன்றும் காசியில்லை. அண்ணா நகரிலிருந்து ஆட்டோ பிடித்தால் இருபத்தைந்து நிமிடம். பத்து மணிக்கே போயிருக்கலாம். சட்டையைக்கூட எடுத்தேன். பிறகு வெயில் என்று நினைத்தேன், முட்டி வலி என்று நினைத்தேன், குமுதவல்லியைத் தனியே விட்டுவிட்டா என்று நினைத்தேன், இவள் நான் இரண்டு நாள் திருச்செந்தூர் போனபோது தனியாக இருந்தவள்தான். காரணம் வேறு. அந்த ஆபீஸில் ஒரு மேஜை இருக்கும், மேஜைக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும். ஃபோனில் தட்டினால் என் முகம் தெரியாது. எனக்கு இது தெரியாதா? முப்பத்தொரு வருஷம் மேஜைக்குப் பின்னால் இருந்த முகம் நான். தீ விபத்து இன்சூரன்ஸ் சர்வேயர் தெய்வசிகாமணி என்றால் விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் கிடங்கு முதலாளிகள் எழுந்து நிற்பார்கள். சரி, எழுந்து நிற்கமாட்டார்கள், அது நான் சேர்த்தது, ஆனால் காபி வரும். சாம்பலை விரலால் தொட்டு நாக்கில் வைத்து இது பஞ்சு, இது பழைய சாக்கு என்று சொல்லுவேன் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான். நாக்கில் எல்லாம் வைத்ததில்லை. பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் ஜூனியர்கள் கேட்பார்கள். முழுப் பொய் நிற்காதுடா, என்பேன். நல்ல பொய்க்காரன் நடுவில் தேவையில்லாத ஓர் உண்மையை வைப்பான், அங்கேதான் நாம் சறுக்குவோம். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிடங்குக்காரன் ஐந்நூறு மூட்டை எரிந்ததாக எழுதிவிட்டு, அடியில் 'மருமகனுடைய குடை ஒன்று, கருப்பு' என்றும் எழுதியிருந்தான். அங்கே நூறு மூட்டைகூட இருந்திருக்காது என்று எனக்குப் புகைநாற்றத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்தக் குடை. பொய் சொல்கிறவன் மருமகனின் குடையையா எழுதுவான்? கம்பிகள் மட்டும் மிஞ்சிய அந்தக் குடையைச் சாம்பலிலிருந்து நானே உருவி எடுத்தேன். ஐந்நூறு மூட்டைக்கும் கையெழுத்துப் போட்டேன். வித்தையை அவனிடம்தான் கற்றேன். கற்றது இத்தனை வருஷம் கழித்து ஒரு கறி தோசைக்கு உதவும் என்று தெரியாது.

பன்னிரண்டு முப்பத்தொன்று. வரைபடத்தில் ஒரு குட்டி வண்டி சிம்மக்கல் ஹோட்டல் வாசலில் நிற்கிறது. 'செல்வக்கனி உங்கள் உணவைப் பெற்றுக்கொண்டார்.' பெண் பெயர். நல்லது, ராயப்பன் இல்லை. எப்படி ராயப்பனாக இருக்கும், அவர் பெயரைத்தான் நான் அழித்துவிட்டேனே. போன சனிக்கிழமை குமுதவல்லிக்குக் கறி தோசை ஆசை. மூன்று தோசை, ஒரு கோலா உருண்டை. பில் முந்நூற்றுப் பன்னிரண்டு, அதில் ஒரு வரி: மழைக் கட்டணம் இருபத்தைந்து. நான் பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். மதுரை வானம் இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. வைகையில் மாடு படுத்திருக்கிற வெயில். கையை வெளியே நீட்டினேன், சுட்டது. ஆப்பில் மித்ரா என்று ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கிறது, எதைக் கேட்டாலும் வணக்கம் சொல்லும். மழை பெய்யவில்லையே அம்மா, என்று தட்டினேன். உங்கள் பகுதியில் மழை பெய்வதால் எங்கள் பணியாளர்களின் பாதுகாப்புக்காக, என்று தொடங்கியது. நான் பால்கனியிலிருந்து வானத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அழகான படம் என்றது. மூன்று தடவை உண்மையைச் சொன்னேன், மூன்று தடவையும் வருந்துகிறோம் என்றது. இருபத்தைந்து ரூபாய் எனக்குப் பெரிதில்லை, பெரிதுதான், ஆனால் அதைவிட வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து நீ நனைந்திருக்கிறாய் என்று சொன்னதுதான் எரிச்சல். அதற்குள் தோசை வந்துவிட்டது. ராயப்பன்தான் கொண்டு வந்தார். படிக்கட்டில் விசில் கேட்டது, எந்தப் பாட்டு என்று சொல்லிவிட முடியாத ஒரு விசில், மூச்சு வாங்குவதை மறைக்க அடிக்கிற விசில், மூன்று மாடி. தண்ணீர் கொடுத்தேன். மழைக் கட்டணம் உங்களுக்கு வருமாய்யா என்று கேட்டேன். "மழை பெஞ்சா நனையறது மட்டுந்தான் எங்க பங்குய்யா" என்று சிரித்துவிட்டுப் போனார். நாங்கள் சாப்பிட்டோம். குமுதவல்லி இரண்டு, நான் ஒன்று. அவள் விரலை நக்கிக்கொண்டிருக்கும்போதே நான் ஃபோனை எடுத்தேன்.

எச்சில் கை. இடது கையால் தட்டினேன். அப்போது எனக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் இப்போது குத்துகிறது. கோபத்தில் செய்திருந்தால் கோபத்தின் தலையில் போடலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெகுநாள் கழித்து ஒரு கிடங்கைப் பார்த்த மாதிரி. அதற்கு முன்னாலும் இரண்டு தடவை சில்லறையாகச் சொல்லியிருக்கிறேன், சாம்பாரில் முடி என்று ஒன்று, வடை ஊசிப்போயிற்று என்று ஒன்று, முப்பது நாற்பது ரூபாய் திரும்ப வந்தது, யார் தலையும் உருளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஊசிப்போன வடையைச் சுட்டவன் தலை உருண்டிருக்குமோ என்னவோ, யார் கண்டது, அதை இப்போது நினைக்க வேண்டாம், வரிசையில் நிற்கட்டும். 'உணவு வந்து சேரவில்லை' என்கிற பொத்தானைத் தொட்டேன். தொட்டதும் பொம்மை எழுந்து போய் ஒரு மனிதர் வந்தார். என்ன நடந்தது சார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் எழுதினேன்: 'நீல வண்டியில் வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்று என் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். பையைத் திறந்து முகர்ந்தார். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வண்டிக்குப் போய், விசில் அடித்துக்கொண்டே திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி சர்க்கரை நோயாளி. பசி தாங்காமல் மயங்கிச் சரிந்துவிட்டாள்.' சரிந்தவள் எதிரே உட்கார்ந்து கோலா உருண்டையில் பாதியை எனக்கு மிச்சம் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம். முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்துவிட்டது. உண்மைக்கு இருபத்தைந்து ரூபாய் தர மனமில்லாதவர்கள் பொய்க்கு முழுசாகத் தந்தார்கள். கூடவே ஒரு வரி: உரியவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். அந்த வரியை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தேன், பிறகு கை கழுவப் போனேன்.

யானைக்கல் பாலத்தில் வண்டி ஏறிவிட்டது. பாலத்தை விட்டு விலகி ஆற்றுக்குள்ளேயே போகிற மாதிரி காட்டுகிறது, பிறகு ஒரே தாவலில் கோரிப்பாளையம் சிக்னலுக்கு வந்து நிற்கிறது. பன்னிரண்டு நாற்பது. ஜன்னல் திறந்தது. 'வணக்கம், நான் மித்ரா, எப்படி உதவலாம்?' நான் தட்டினேன்: போன வாரம் நான் பொய் சொன்னேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம். எந்தப் பொருள் குறைந்தது?' ஒன்றும் குறையவில்லை. உணவு வந்தது. சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. 'மகிழ்ச்சி! ஐந்து நட்சத்திரம் வழங்க விரும்புகிறீர்களா?' அம்மா, ராயப்பன் என்பவர் திருடவில்லை. 'திருட்டு குறித்த புகாருக்கு ஒன்றை அழுத்தவும்.' நான் மனிதரோடு பேச வேண்டும். 'உங்கள் பிரச்சினையைக் கீழே தேர்ந்தெடுக்கவும்.' தாமதம், அளவு குறைவு, ருசி சரியில்லை, பார்சல் கசிவு, உணவு வந்து சேரவில்லை, பணியாளர் மரியாதைக் குறைவு. மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். நான் பொய் சொன்னேன் என்பதற்கு ஒரு பொத்தான் இல்லை. எத்தனை கோடி போட்டுக் கட்டியிருப்பார்கள், எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள், ஒருத்தனுக்கும் தோன்றவில்லை பார், இப்படி ஒருவன் வருவான் என்று. குறைவு, கசிவு, தாமதம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் பொம்மைதான் வருகிறது, பத்து ரூபாய் கூப்பன் வேண்டுமா என்கிறது. மரியாதைக் குறைவில் விரலை வைக்க மனம் வரவில்லை, வராத மனுஷிக்கு என்ன மரியாதைக் குறைவு. மனிதர் வருகிற கதவு ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், போன வாரம் நுழைந்த கதவு அது. உணவு வந்து சேரவில்லை. அதைத் தொட்டால் மனிதர் வருவார், அவரிடம் சொல்லிவிடலாம். தொட்டால் அந்தக் கணமே செல்வக்கனி என்கிற பெயருக்கு எதிரில் ஒரு கோடு விழும். அவள் இப்போது சிக்னலில் ஒற்றைக் காலை ஊன்றி, இடியாப்பத்தோடு நிற்கிறாள். யாரோ ஒருத்தி. யாரோ ஒருத்தியின் மேல் ஏறி நின்றுதான் ராயப்பனைத் தூக்கிவிட வேண்டும். தூக்கியதும் இவளையும் விளக்கிவிடலாம். விளக்க முடியுமா? அந்த மனிதர் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இடியாப்பத்துக்கும் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?

"யாருக்குங்க சாப்பாடு சொல்லியிருக்கீங்க?" உள்ளேயிருந்து குமுதவல்லி. எதிர்பார்த்ததுதான். "மேல் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லையாம், இடியாப்பம் கேட்டாரு" என்றேன். மேல் வீட்டுக்காரர் பங்காரய்யா மூன்று நாளாக ஊரில் இல்லை. "அவரு போன்லயா கேட்டாரு?" "ஆமா." "ம்" என்றாள். அந்த ம்-ஐ எந்த சர்வேயராலும் அளக்க முடியாது. ராயப்பனுக்கும் இப்படித்தான், வந்தால் ஒரு கதை கொடுக்காமல் அனுப்பியதில்லை. என் மேல சத்தியமா, என்று நெஞ்சில் கையை வைத்துத் தொடங்குவேன். என் மேல சத்தியமா ராமேஸ்வரத்துல ஒரு படகுக்கு இன்சூரன்ஸ் பாக்கப் போனேன்யா, திமிங்கலம் முழுங்கிருச்சுன்னு க்ளெய்ம், நான் பணத்தை எண்ணிக் குடுத்துட்டுக் கரையைவிட்டுத் திரும்பலை, பின்னாடியே திமிங்கலம் வந்து படகைத் துப்பிட்டுப் போவுது, கணக்கை முடிச்சுக்கங்கய்யான்னு. ராயப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார், கண்ணாடிக்குள் பல் மட்டும் தெரியும். "அடுத்த தடவை திமிங்கலத்தை நம்ம ஆபீசுக்கு அனுப்புங்கய்யா, பாக்கி நிறைய முழுங்கியிருக்கான்" என்பார். ஐம்பத்தாறு வயது. லாரி செட்டில் மூட்டை இறக்கியவர், ஒரு நாள் மூட்டை அவரை இறக்கிவிட்டது என்று சொல்லுவார், காலைப் பற்றி அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார், அதையும் நான் கேட்டதால். மூன்று மாடி ஏறி வருகிறவர் முகத்தில் வேர்வை ஹெல்மெட்டின் கன்னத்துப் பட்டையில் தேங்கி நிற்கும். லிஃப்ட் இருக்கிறது. கீழே ஒட்டியும் இருக்கிறது: 'உணவு கொண்டுவரும் பணியாளர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தி உடல்நலம் பேணுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' எல்லோரும் பாராட்டினார்கள், எவ்வளவு பக்குவமாக எழுதியிருக்கீங்க சார் என்று. உடல்நலம் பேணுமாறு. என் கை. என் கை எழுதியது எதைத்தான் நான் இந்தக் கட்டடத்தில் படிக்காமல் தப்பிக்க முடியும்.

பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. வண்டி நம் தெருவுக்குள் வந்துவிட்டது. உணவு கைக்கு வந்த கணமே இந்த ஆர்டர் முடிந்துவிடும், ஜன்னல் மூடிவிடும். பொத்தானைத் தொட வேண்டுமென்றால் இப்போது. விரல் அதன் மேலேயே நிற்கிறது, கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு தாள் போகிற அளவு. தொடாததற்குக் காரணம் நல்ல மனசா, பயமா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? நல்ல மனசு என்றுதான் சொல்லுவேன், சத்தியமும் பண்ணுவேன். ஐம்பத்து நான்கு. குமுதவல்லி புரண்டு படுக்கிறாள், கட்டில் கிறீச்சிடுகிறது. கீழே வண்டி நிற்கிற சத்தம். கேட்டில் துரைக்கண்ணு யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம். பிறகு படிக்கட்டில், முதல் மாடியிலிருந்து, ஒரு விசில். எந்தப் பாட்டென்று சொல்லிவிட முடியாத விசில். என் விரல் தானாகவே சட்டென்று பின்வாங்கியது, சூடான சட்டியைத் தொட்ட மாதிரி. செல்வக்கனி என்று போட்டிருக்கிறதே. செல்வக்கனி. விசில் இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது. பொத்தானைத் தொட்டிருந்தேன் என்றால்? ஒரு தாள். ஒரே ஒரு தாள் தடிப்பு.

கதவைத் திறந்தேன். ராயப்பன் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பொம்பளைப் பேரைப் பாத்துட்டுப் பயந்துட்டீங்களாய்யா? வீட்டம்மா ஐடி. எனக்குத்தான் பிளாக் பண்ணிட்டாய்ங்களே. அவ பேருல நாலு நாளா ஓட்டுறேன். தெரிஞ்சா இதையும் புடுங்கிருவாய்ங்க. நீங்க எழுதிப் போட மாட்டீங்கன்னு தெரியும்."

இடியாப்பம் என் கைக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. "தண்ணி குடிங்க" என்றேன். அவர் குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஒரு உதவி. ரெண்டு மணிக்குள்ள காளவாசல் ஆபீசுக்குப் போயி ஒரு லெட்டரு குடுக்கலாம்னு இருக்கேன். எழுதினவன் வரமாட்டான், அது தெரியும். எதுக்கும் குடுத்துப் பாப்போம். உங்களுக்கு எழுத நல்லா வரும். படிக்கிறவன் மனசு இளகுற மாதிரி நாலு வரி. ஆனா திமிங்கலம் வேணாம்யா, நடந்தது மட்டும்."

"என்ன எழுதியிருந்தானாம் அவன்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? எனக்குத் தெரியாதா? என் பொய்யை இன்னொருவர் வாயில் கேட்க வேண்டியிருந்தது.

"ஆபீஸ்ல ஒரு பையன் படிச்சுக் காட்டினான். பையைத் திறந்து மோந்து பாத்தேனாம். அதுகூடப் பரவாயில்லை." அவர் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பையன் அதை நாலு பேருக்கு முன்னாடி நடந்து காட்டிக்கிட்டே படிச்சான்யா."

நடந்து காட்டிக்கொண்டே. சாய்த்துச் சாய்த்து. சாம்பலிலிருந்து நான் உருவிய குடை எனக்கு ஞாபகம் வந்தது, கம்பி கம்பியாக, கையில் கரி. நெஞ்சில் கையை வைத்தேன். "என் மேல சத்தியமா நான்தான்யா எழுதினேன்" என்றேன்.

ராயப்பன் ஒரு நொடி பார்த்தார். பிறகு ஹெல்மெட்டுக்குள் பல் தெரிந்தது. "நல்ல ஆளுய்யா நீங்க. இதுக்குமா கதை? திமிங்கலம் துப்புன மாதிரி நீங்களும் என் ஐடியைத் துப்பிருங்க பாப்போம்" என்று சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைக்கக் கையைக் கண்ணாடிக்குள் விட்டார். "சரிய்யா, நேரமாச்சு, இன்னொரு ஆர்டர் வந்துருச்சு. லெட்டரு நானே எப்படியாவது எழுதிக்கிறேன். மனசு லேசாயிருச்சு" என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். விசில் தொடங்கியது. ஒரு படி. இரண்டு படி. நான் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்து, தமிழில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், நம்பாதது அவர் தப்பு. யாராவது நாளைக்குக் கேட்டால் சொன்னேன் என்று சொல்லலாம், அது உண்மை. எத்தனை அழகான உண்மை. நெஞ்சில் கையை ஏன் வைத்தேன்? அந்தக் கையை அங்கே வைத்தால் அவர் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கதை சொல்லியிருக்கிறேன் இதே நிலையில் நின்று. உண்மையைச் சொல்லும்போது அதை நம்ப முடியாத சட்டை போட்டு அனுப்பியது யார்? மூன்றாவது படி. நான்காவது. திரும்புகிற இடத்தில் விசில் கொஞ்சம் தேய்ந்தது.

"ராயப்பன்."

நின்றார். நான் கையை நெஞ்சில் வைக்கவில்லை. ஃபோனில் பழைய ஆர்டரைத் திறந்தேன், சனிக்கிழமை, மூன்று கறி தோசை, அதன் கீழே நான் எழுதியது முழுக்க இருந்தது, தீர்க்கப்பட்டது என்கிற பச்சை எழுத்து வரைக்கும். நாலு படி இறங்கி அவரிடம் நீட்டினேன். எழுத்து பொடியாக இருந்ததால் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணருகே இழுத்துப் படித்தார். பிடித்தபடியே இன்னொரு கையால் ஹெல்மெட்டைக் கழற்றினார். இத்தனை மாதத்தில் அவர் தலையை அப்போதுதான் பார்க்கிறேன், நடுவில் நரைத்து, ஓரத்தில் ஹெல்மெட் அழுத்திய கோடு. மெதுவாகப் படித்தார், உதடு அசைந்தது. ஓர் இடத்துக்கு வந்து உதடு நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

கதவருகில் குமுதவல்லி வந்து நின்றிருந்தாள், வலிக்கிற தோளை மறு கையால் தாங்கிக்கொண்டு. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "நான் ரெண்டு தோசை தின்னேனே" என்றாள். உள்ளே போய் ஆணியிலிருந்து என் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

ராயப்பன் என் மணிக்கட்டை விட்டார். கைபேசியை எடுத்து வந்திருந்த இன்னொரு ஆர்டரைத் தள்ளிவிட்டார். "மணி ஒன்னு அஞ்சு" என்றார். "வண்டியில வர முடியுமா உங்களால?"

"முடியும்."

லிஃப்ட் மூன்றாவது மாடியில்தான் நின்றிருந்தது, கதவு திறந்து, விளக்கு எரிய. அவர் அதைப் பார்க்கவே இல்லை, பழக்கம். படியில் இறங்கத் தொடங்கினார். நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் இறங்கினேன். கைப்பிடிச் சுவரை வலது கையால் பிடித்து, உடம்பை அந்தப் பக்கம் சாய்த்து, இடது காலை முதலில் கீழே இறக்கி, அது தரையைத் தொட்டதா என்று ஒரு கணம் காத்திருந்து, பிறகு அடுத்தது. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று எனக்கு இதுவரை தெரியாது. பால்கனியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரிவதில்லை, சாய்வு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு படி, நான் ஒரு படி. விசில் இல்லை. முதல் மாடியும் தாண்டியது, என் அறிவிப்பு ஒன்று அங்கேயும் ஒட்டியிருந்தது, உடல்நலம் பேணுமாறு. அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார், காலை இறக்குவதற்கும் ஊன்றுவதற்கும் நடுவில், சாதாரணமாக, மழையா வெயிலா என்று கேட்கிற மாதிரி:

"காலை எதுக்குய்யா எழுதுனீங்க?"

வாயைத் திறந்தேன். ராஜபாளையம் வந்தது, கிடங்கு வந்தது, யாரோ ஒரு மருமகனின் கருப்புக் குடை வந்தது. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. கையைக் கீழேயே வைத்துக்கொண்டேன். அவர் பதிலுக்காக அடுத்த படியில் நின்றார், ஊன்றிய கால் லேசாக நடுங்கியது. கீழே இன்னும் பதினெட்டுப் படிகள் இருந்தன.